கோயில் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், போகலாமா?

22 செப்டம்பர் 2024, கேள்வி

பாளையங்கோட்டைக்காரி. பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). வேலை மாற்றலில் நியூ ஜெர்சி வந்திருக்கிறோம். பக்கத்தில் தமிழ் ஆராதனை இல்லை. நடக்கிற தூரத்தில் ஒரு எபிஸ்கோப்பல் கோயில், அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபை. முறைமை ஏறக்குறைய நம்ம ஜெபப்புத்தகம்தான், அதனால் போய்வருகிறோம். மொத்தமே ஐம்பது அறுபது பேர். போன வாரம் ஒரு அம்மா வந்து, ஆல்டர் கில்டில் (பீடத்தை ஆயத்தம் செய்கிற குழு) சேர்றியா, ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறியா, ஆராதனை முடிந்ததும் நடக்கிற காஃபி ஹவருக்கு ஒரு ஞாயிறு எடுத்துக்கிறியா என்று ஒரே மூச்சில் கேட்டார். என் பெயரே அவர் வாயில் இன்னும் நுழையவில்லை. என் வீட்டுக்காரர், "சம்பளமில்லாத ஆள் பிடிக்கிறாங்க" என்கிறார். ஊரில் கோயில் பிள்ளை (கோயிலைப் பராமரிக்கிற பணியாள்) பார்க்கிற வேலையை இங்கே நான் ஏன் பார்க்கணும்? இது ஊழியமா, ஆள் பற்றாக்குறையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

22 செப்டம்பர், இரவு

ரெண்டும்தான். வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. மூன்றுக்கும் ஒரே நாளில் தலையாட்டிவிடாதே. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

(பாளையங்கோட்டை என்றதும் "நீ" வந்துவிட்டது. நான் நாசரேத்து. பென்சில்வேனியாவில் ஒரு சின்ன எபிஸ்கோப்பல் சபையில் ரொம்ப வருஷமாக இருக்கிறேன்.)

24 செப்டம்பர்

முதலில் காசு விஷயம். வந்தவர் போனவரை எல்லாம் இவர்கள் ஏன் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

ஊரில் நாம் கொடுக்கிற சங்கக் காணிக்கை சேகரம் (சில சபைகள் சேர்ந்த பகுதி) வழியாகத் திருமண்டலத்துக்கு, அதாவது பேராயரின் ஆளுகைப் பகுதிக்குப் போகிறது. ஐயரை (நம்ம குருவானவரை) அனுப்புவதும் மாற்றுவதும் திருமண்டலம். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சில வருஷத்தில் லாரி வந்து நிற்கும், சாமான் ஏறும். இங்கே பாரிஷ் என்ற தகுதியுள்ள சபை தன் குருவைத் தானே தேடிக் கொள்ள வேண்டும். வெஸ்ட்ரி என்கிற கமிட்டி அதற்கென்று ஒரு குழு போட்டு, விண்ணப்பம் வாங்கி, நேரில் பேசி, பேராயரிடமும் கலந்துகொண்டு அழைக்கும். அப்படி வருகிறவர் ரெக்டர். அவர் சம்பளம், ஓய்வூதியம், குளிர்காலத்துக்கு ஹீட்டர் செலவு, ஒழுகுகிற கூரை எல்லாம் அந்த ஐம்பது அறுபது பேர் தலையில். போதாததற்குத் திருமண்டலத்துக்கும் ஒரு பங்கு கட்டணும். சொந்தக் காலில் நிற்க முடியாத சபை மிஷன் என்ற பெயரில் இருக்கும். அங்கே பேராயர் ஆள் போடுவார், உதவியும் வரும்.

உன் கோயில் அளவில் சம்பளம் வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குரு, அவரும் முழுநேரமாக இருக்க வேண்டியதில்லை. ஆர்கன் வாசிக்கிறவர். வாரத்தில் சில மணி நேரம் வரும் ஆபீஸ்காரர். பெருக்கித் துடைக்க யாராவது. மற்றதெல்லாம் சபையார். காணிக்கை எண்ணுவது, திருவிருந்துத் தட்டு தேய்ப்பது, நோயாளியைப் பார்ப்பது, ஞாயிறு பள்ளி, புல் வெட்டுவது, பனி தள்ளுவது, வலைத்தளத்தில் அறிவிப்பு போடுவது. கோயில் பிள்ளை என்று ஒரு ஆள் இல்லை, அந்த வேலை பத்துப் பேருக்குள் பிரிந்து கிடக்கிறது. பெரிய நகரக் கோயில்களில் செக்ஸ்டன் என்று ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருப்பார்கள். நாம் பேசுவது சின்னச் சபை.

இது வெறும் பஞ்சத்தால் வந்த ஏற்பாடும் இல்லை. அவர்களுடைய 1979 ஜெபப்புத்தகத்தின் பின்பகுதியில் வினாவிடை இருக்கிறது. திருச்சபையின் ஊழியர்கள் யார் என்ற கேள்விக்கு அங்கே வரிசை இப்படிப் போகிறது: சபையார், பேராயர்கள், குருமார், டீக்கன்மார். முதலில் சபையார். எழுத்தில் இருப்பதும் நடப்பதும் ஒன்றா என்று கேட்டால், அதற்குத்தான் இன்னும் எழுதப்போகிறேன்.

27 செப்டம்பர்

சென்னையிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார்: நம்ம திடப்படுத்தலை (பேராயர் தலையில் கைவைத்து உறுதிப்படுத்தும் சடங்கு) அங்கே ஒத்துக்கொள்வார்களா, மறுபடி கைவைக்கச் சொல்வார்களா?

நல்ல நாளில் கேட்டீர்கள் அண்ணாச்சி. 1947 செப்டம்பர் 27 அன்றுதான் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனது. ஆரம்பத்தில் ஆங்கிலிக்கன் உலகம் கொஞ்சம் தள்ளி நின்றே பார்த்தது. பிஷப் கைவைத்துப் பட்டம் கொடுக்காத பழைய குருமாரையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்களே என்று அவர்களுக்கு உறுத்தல். இன்று சி.எஸ்.ஐ. ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் ஒரு உறுப்புச் சபை, எபிஸ்கோப்பல் சபையும் அப்படியே. பேராயர் கையால் திடப்படுத்தல் பெற்றிருந்தால் மறுபடி தேவையில்லை.

தங்கச்சி, நீ செய்ய வேண்டியது ஒன்று: ஊர் ஐயரிடம் உறுப்பினர் கடிதம் வாங்கி இங்கே ஆபீசில் கொடுத்து, பதிவேட்டில் பெயரை ஏற்று. வருஷக்கணக்காக வந்துபோய்க் கொண்டு, வேலையும் பார்த்துக்கொண்டு, பதிவில் பெயரே இல்லாத நம்ம ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பெருமைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆராதனை நடுவில் எல்லாரும் கைகுலுக்கிச் சமாதானம் சொல்லும்போது கூச்சப்படாதே. இந்த வழக்கத்தை மறுபடி சபையார் கைக்குக் கொண்டுவந்ததில் 1950இல் வந்த நம்ம சி.எஸ்.ஐ. முறைமைக்குப் பெரிய பங்கு உண்டு. என் சபையில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. ரெக்டர் "ஆமாம், செமினரியில் படித்தேன்" என்றதும் அந்த ஒரு ஞாயிறு எனக்குத் தனி மரியாதை.

5 அக்டோபர், சனிக்கிழமை

இப்போதுதான் கோயிலிலிருந்து வந்தேன். கை இன்னும் பித்தளை பாலிஷ் நாறுகிறது. ஆல்டர் கில்ட் பற்றிக் கேட்டாயே, சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை இரண்டு மூன்று பேர் போவோம். பீடத்தின் பக்கத்தில் ஒரு சின்ன அறை, சாக்ரிஸ்டி. கிண்ணம், தட்டு, திராட்சரசத்துக்கும் தண்ணீருக்கும் கண்ணாடிக் குப்பி, குரு கை கழுவச் சின்னக் கிண்ணம், துவாலை. பீடத்துக்கு நீள வெள்ளை லினன் விரிப்பு. அதன்மேல் விரிக்கச் சதுரத் துணி ஒன்று, கார்ப்பொரல். கிண்ணத்தின் விளிம்பைத் துடைக்கப் பியூரிஃபிகேட்டர். காலத்துக்கேற்ற நிறம்: இப்போது பச்சை; அட்வெந்துக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) சில கோயிலில் ஊதா, சிலவற்றில் நீலம். அப்பங்களை எண்ணி வைக்க வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்ற மதிப்பு நம்முடையது, மழை பெய்தால் குறை.

ஆராதனை முடிந்ததும் மறுபாதி. பாத்திரத்தை முதலில் அலசிய தண்ணீர் சாக்கடைக்குப் போகக்கூடாது. அதற்கென்று பிசினா என்று ஒரு தொட்டி, அதன் குழாய் நேரே மண்ணுக்குள் இறங்கும். பிசினா இல்லாத கோயிலில் தோட்டத்துச் செடிக்கு ஊற்றுவார்கள். துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு, மூன்றாக மடித்து, மறுபடி மூன்றாக மடிக்க வேண்டும். சிலுவைக் குறி மேலே தெரிய வேண்டும். மடிப்பு கோணினால் ஒருத்தர் ஒன்றும் சொல்லாமல் பிரித்து மறுபடி மடிப்பார். அந்த மௌனத்துக்கு நம்ம ஊர் மாமியார் எவ்வளவோ மேல்.

நான் இதில் சேர்ந்ததற்குப் பக்தி காரணம் இல்லை. சனிக்கிழமை காலையில் பேச ஆள் கிடைத்தார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கைகுலுக்கி "ஹவ் ஆர் யூ" சொல்கிறவர்கள் வேறு. பக்கத்தில் நின்று வெள்ளி தேய்க்கிறவள் பேசுவது வேறு: மகன் பேசுவதில்லை, புருஷனுக்கு மறதி வந்துவிட்டது, வீட்டை விற்கணும். முகத்தைப் பார்க்காமல் கை வேலையாக இருக்கும்போதுதான் இந்த ஊர்க்காரர்கள் மனம் திறக்கிறார்கள். அதனால் என் யோசனை: மூன்றில் இதை எடு. யார் பக்கத்தில் நிற்கப் போகிறோம் என்று பார்த்து வேலையைத் தேர்ந்துகொள்.

அரசியல் இல்லையா? உண்டு. எந்த அலமாரியில் எந்தக் குப்பி என்பதற்காக ஒரு வருஷம் பேசாமல் இருந்த இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். இருவரும் ஒரே வாரத்தில் முறை போட்டுக்கொண்டு வருவார்கள், அது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

6 அக்டோபர்

காஃபி ஹவருக்கு வடை கொண்டுபோகலாமா என்று ஒருத்தர். கொண்டுபோ. ஆனால் என்னென்ன போட்டது என்று சீட்டு எழுதி முன்னால் வை. கடலை, முந்திரி ஒத்துக்காதவர்கள் இருப்பார்கள். காரத்தைக் குறைக்காதே. இரண்டு பேர் சாப்பிட்டால் போதும், அந்த இரண்டு பேர் உன் வீட்டுக்கு வருவார்கள்.

20 அக்டோபர்

இந்த மாதம் உங்கள் எல்லார் கோயிலிலும் பிளெட்ஜ் கார்டு வந்திருக்கும். அடுத்த வருஷம் இவ்வளவு தருவேன் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. அதை வைத்துத்தான் வெஸ்ட்ரி பட்ஜெட் போடும். நம்ம ஆட்கள் இதைப் பார்த்து மிரள்கிறார்கள், கடன் பத்திரம் போல. அப்படியில்லை. நடுவில் வேலை போய்விட்டால் ஒரு வரி சொல்லி மாற்றிக்கொள்ளலாம், யாரும் வீட்டுக்கு வந்து கேட்க மாட்டார்கள். எவ்வளவு எழுதினாய் என்பது பொருளாளர் மாதிரி ஓரிருவருக்கு மட்டும் தெரியும். சங்கப் பாக்கிக்காகக் கல்யாண ஓலை (கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) நிறுத்தி வைக்கிற கதை எல்லாம் இங்கே கிடையாது.

காணிக்கை எண்ணும் வேலைக்குக் கூப்பிட்டால் தைரியமாகப் போ. உறவில்லாத இரண்டு பேராவது சேர்ந்துதான் எண்ணணும், இருவரும் கையெழுத்துப் போடணும். தனியாக எண்ணச் சொன்னால் எழுந்து வந்துவிடு.

கைப்பிடி அரிசி நினைவிருக்கிறதா? உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள் என் பாட்டி. இங்கே 1889இல் பெண்கள் தொடங்கிய ஒரு காணிக்கை இருக்கிறது, யுனைட்டட் தேங்க் ஆஃபரிங். நீல நிற அட்டைப் பெட்டி, வீட்டில் நன்றி சொல்லத் தோன்றும்போதெல்லாம் சில்லறை போடுவது. இரண்டையும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் பெண்கள்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். என் சமையலறை ஜன்னலில் அந்தப் பெட்டி இருக்கிறது. பையன் பார்க்கிங் மீட்டருக்கு அதிலிருந்து எடுப்பான், திருப்பிப் போடுவானா என்பது கர்த்தருக்குத் தெரியும்.

9 நவம்பர்

பாடம் வாசிப்பதை ஏன் முதலில் எடுக்க வேண்டாம் என்று கேட்டிருந்தாய். வாசி, தப்பில்லை. ஆனால் புதிதாக வந்த, நம்ம நிறத்து ஆளை முதலில் கூப்பிடும் இடம் அந்த வாசிப்பு மேடைதான். எல்லாரும் பார்க்கிற இடம். கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். வரவேற்கிறோம் என்று காட்ட ஆசை. படமும் எடுப்பார்கள். கீழே இறங்கியதும் "எவ்வளவு அழகாக வாசித்தாய்" என்பார்கள். உனக்கு இங்கிலீஷ் வருகிறது என்பதில் அவர்களுக்கு ஒரு ஆச்சரியம். அதோடு முடிந்தது. வாசித்தவளைத் தெரிந்த மாதிரி இருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.

10 நவம்பர்

டொரண்டோவிலிருந்து ஒரு அண்ணன் மறுக்கிறார். அவர் வாசிப்பில்தான் தொடங்கினாராம். எசேக்கியேலில் வருகிற பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று கேட்கப் போய் ஒரு கிழவரோடு சிநேகமாம், இப்போது குடும்பமே பழக்கமாம். சரி. அவருக்கும் பக்கத்தில் ஒரு ஆள் கிடைத்திருக்கிறார், அது நான் சொன்னதுக்குள்தான் வருகிறது என்று சமாளித்துக்கொள்கிறேன்.

30 நவம்பர்

தேங்க்ஸ்கிவிங் வாரம் முழுக்கச் சாப்பாட்டு வேலை. பக்கத்து ஊர் கோயில்களோடு சேர்ந்து இலவசச் சாப்பாடு. நம்ம அசனப் பண்டிகை (சபையார் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற விருந்து) பார்த்த கண்ணுக்கு இவர்கள் அளவு சிரிப்பாக இருக்கிறது. ஊரில் அண்டா, இங்கே அலுமினியத் தட்டு. ஆனால் ஒரு வித்தியாசம் யோசிக்க வைத்தது. அசனத்தில் நாம் நமக்கே சமைத்து, நமக்கே பரிமாறுகிறோம். வேறு ஊர்க்காரர் வந்தால் சந்தோஷம், அவ்வளவுதான். இங்கே சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் கோயில் பக்கமே வராதவர்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கிறாய், ஒரு நாள் மன்ஹாட்டன் போனால் 9ஆம் அவென்யூவில் ஹோலி அப்போசல்ஸ் கோயிலைப் பார். 1982இலிருந்து வார நாட்களில் இலவசச் சாப்பாடு போடுகிறார்கள். 1990இல் கோயில் தீப்பிடித்தது. திருப்பிக் கட்டும்போது ஆணியடித்த பெஞ்சுகளை மறுபடி போடவில்லை, ஆராதனை நடக்கிற நடுமண்டபத்திலேயே மேசை போட்டுச் சாப்பாடு போட்டார்கள். தன்னார்வலர்கள் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. பதிவு செய்துவிட்டு யார் வேண்டுமானாலும் போய்ப் பரிமாறலாம், கிறிஸ்தவராக இருக்கணும் என்றுகூட இல்லை.

15 டிசம்பர்

நீ கில்டில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தாய். மெழுகு துணியில் ஒட்டினால் ஃப்ரீசரில் வைத்துச் சுரண்டு, மிச்சத்துக்கு மேலும் கீழும் பழுப்புக் காகிதம் வைத்து இஸ்திரி போடு. அதை மட்டும் எழுத வந்தேன், வேறு ஒன்றும் நினைவுக்கு வந்துவிட்டது.

எனக்கு இந்தச் சபையில் பிடித்த வேலை கில்ட் இல்லை, வீடு வீடாகத் திருவிருந்து கொண்டுபோவது. யூகரிஸ்டிக் விசிட்டர் என்பார்கள். ரெக்டர் பரிந்துரைத்து, பயிற்சி முடித்து, பேராயர் லைசென்ஸ் கொடுத்தபின் செய்யலாம். ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்தில் குரு அப்பமும் ரசமும் உள்ள சின்னப் பெட்டியைச் சபை முன்னால் கையில் கொடுத்து அனுப்புவார். நேரே போக வேண்டும். வழியில் கடையில் நிறுத்திப் பால் வாங்கக்கூடாது. அன்றைய சுவிசேஷம், ஒரு ஜெபம், பாவ அறிக்கை, திருவிருந்து, முடிந்தது. பிரசங்கம் கிடையாது. நாம் குரு இல்லை, கோயிலில் நடந்த திருவிருந்தைக் கொஞ்சம் தூரம் நீட்டுகிறோம், அவ்வளவுதான்.

நான் போகிற ஒரு அம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ. நான் பைபிளைத் திறக்குமுன் அவர் கேட்கிற கேள்வி: "என் பெஞ்சில் இப்போது யார் உட்கார்கிறார்கள்?" சொன்னால் முகம் சுளிப்பார். பிறகு ஆர்கன்காரர் இன்னும் வேகமாக வாசிக்கிறாரா, காஃபி ஹவரில் யார் எலுமிச்சை கேக் கொண்டுவந்தார்கள், அதில் முட்டை வாடை அடித்ததா. இதெல்லாம் ஆனபின்தான் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக". முதலில் எனக்கு எரிச்சல், பெட்டியோடு வம்பு பேசிக்கொண்டிருக்கிறோமே என்று. இப்போது ஞாயிறு காலையில் கோயிலில் கண்ணை மேயவிட்டு அவருக்கு வேண்டிய செய்தி சேகரிக்கிறேன். பிரசங்கம் கவனிக்கிறேனா என்று கேட்காதே.

அங்கே கேட்டது எதுவும் வெளியே வரக்கூடாது என்பது முதல் விதி. இவ்வளவு எழுதினதே அவர் சம்மதத்தோடுதான். "என் பெயரைப் போடாதே, ஆனால் கேக் விஷயத்தை எழுது" என்றார்.

26 ஜனவரி 2025

இன்று எங்கள் வருஷாந்தரக் கூட்டம். ஆராதனை, சூப், தேர்தல், வீட்டுக்கு.

வெஸ்ட்ரிக்கு எத்தனை இடம் காலியோ அத்தனை பேர் மட்டும் நின்றார்கள். அதில் ஒருத்தரைப் போன வாரம் வண்டி நிறுத்துமிடத்தில் மடக்கிச் சம்மதிக்க வைத்தது எனக்குத் தெரியும். கைதட்டி முடித்தாகிவிட்டது. நம்ம ஊரில் டி.சி. (திருமண்டல மன்றம்) தேர்தல் என்றால் அணி, சுவரொட்டி, போலீஸ் பந்தோபஸ்து, அப்புறம் ஹைகோர்ட். இங்கே அந்த நாற்காலியை யாரும் விரும்புவதில்லை. எது நல்லது என்று சாப்பாட்டு மேசையில் என் வீட்டுக்காரரோடு சண்டை. பதவி ஆசை இருந்தால் ஆள் வருகிறான், ஆள் வந்தால் சண்டை வருகிறது, சண்டை வந்தால் கணக்கு கேட்கிறார்கள் என்பது அவர் வாதம். இங்கே கணக்குப் படிக்கும்போது பாதிப் பேர் சூப்பில் கவனமாக இருந்தார்கள், மறுக்க முடியவில்லை.

கேட்டவர்களுக்காக: இரண்டு வார்டன்கள். மூத்த வார்டன் ரெக்டருக்குத் துணை, ரெக்டர் இல்லாத காலத்தில் பாரம் முழுக்க அவர் மேல். இளைய வார்டன் பெரும்பாலும் கட்டடம்: கொதிகலன், கூரை, கழிவறை. சில திருமண்டலங்களில் ஒருவர் ரெக்டரின் வார்டன், மற்றவர் மக்களின் வார்டன் என்று பிரிவு வேறு மாதிரி. வெஸ்ட்ரி உறுப்பினர் பதவி பல இடங்களில் மூன்று வருஷம். ஆராதனை முறைமை ரெக்டர் கையில், காசும் கட்டடமும் வெஸ்ட்ரி கையில். இந்தக் கோடு எங்கே என்பதில்தான் எல்லாச் சபையிலும் மனஸ்தாபம்.

8 பிப்ரவரி

மதுரைக்கார அக்கா ஒருத்தர் காரமாக எழுதியிருக்கிறார்: "தேய்க்கவும் மடிக்கவும் கழுவவும் போ என்று சொல்றீங்க. நம்ம பெண்களை அமெரிக்காவுக்கு வந்தும் அடுப்படிக்கே அனுப்புறீங்களே அக்கா?"

ரெண்டு நாளாகப் பதில் எழுதவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி நியாயமானது. கிண்ணத்தைத் தேய்த்த பெண்கள் அந்தக் கிண்ணத்தைப் பீடத்தில் எடுத்து உயர்த்த எவ்வளவு காலம் ஆனது என்று பார்த்தால் தெரியும். எபிஸ்கோப்பல் சபையின் பொதுப் பேரவையில் சபையாரின் பிரதிநிதியாகப் பெண் உட்கார 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1974 ஜூலை 29 அன்று பிலடெல்பியாவில் பதினொரு பெண்களுக்கு, அனுமதிக்குக் காத்திராமல், ஓய்வு பெற்ற பேராயர்கள் கைவைத்துக் குருப்பட்டம் கொடுத்தார்கள். பெரிய கலவரம். 1976இல்தான் பேரவை இறங்கி வந்தது. அதே 1976இல் சி.எஸ்.ஐ.யும் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது, இதில் நாம் பின்தங்கவில்லை.

இருந்தாலும் நான் சொன்னதை விடமாட்டேன், கூடவே ஒன்று சேர்க்கிறேன். சாக்ரிஸ்டியில் நில், வெஸ்ட்ரியிலும் நில். ஒன்று மட்டும் என்றால் அக்கா சொல்வதுதான் சரி.

13 பிப்ரவரி

அதோடு நிறுத்தியிருப்பேன், ஆனால் இன்று அப்சலோம் ஜோன்ஸ் நினைவு நாள், எங்கள் பென்சில்வேனியாக்காரர். அடிமையாகப் பிறந்தவர். முதலில் மனைவியின் விடுதலைக்குப் பணம் கட்டி, பிறகு 1784இல் தானும் விடுதலையானார். 1793இல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல். வசதியுள்ளவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் கறுப்பின மக்களைத் திரட்டி நோயாளிகளைப் பார்த்தார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். அப்போது ஜோன்ஸ் குரு இல்லை, சாதாரணச் சபையார். மறு வருஷம் அவர்கள் கட்டிய செயின்ட் தாமஸ் ஆப்பிரிக்கக் கோயில் எபிஸ்கோப்பல் சபையில் சேர்ந்தது. பின்னால் அவரே எபிஸ்கோப்பல் சபையின் முதல் கறுப்பினக் குருவும் ஆனார்.

சேர்த்துக்கொண்டவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: திருமண்டலப் பேரவையில் அந்தச் சபைக்கு இடமில்லை. அது பல பத்தாண்டுகள் நீடித்தது. பிணம் சுமக்கும்போது தடுக்காதவர்கள், ஓட்டுப் போட வரும்போது தடுத்தார்கள்.

தங்கச்சி, பதிவேட்டில் பெயர் ஏற்று என்று செப்டம்பரில் எழுதினேனே, ஊரிலிருந்து கடிதம் வந்ததா? வெஸ்ட்ரிக்கு நிற்கவும் வருஷக் கூட்டத்தில் ஓட்டுப் போடவும் அதைத்தான் பார்ப்பார்கள். தகுதி திருமண்டலத்துக்குத் திருமண்டலம் கொஞ்சம் மாறும், ஆபீசில் கேள்.

4 மார்ச்

இன்று பான்கேக். லெந்து (தவக்காலம்) தொடங்குமுன் வெண்ணெயும் முட்டையும் தீர்க்கிற நாள். எங்கள் சபையில் ஆண்கள் சமைப்பார்கள், வருஷத்தில் ஒரு நாள், அதற்கு ஏப்ரன் வேறு அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அடுப்பைக் கழுவியது யார் என்று மதுரை அக்கா கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: இளைய வார்டன், ஒரு ஆண்.

பின்வாசலில் போன வருஷக் குருத்தோலைகளை எரித்தோம், நாளைய சாம்பல் புதனுக்கு. ஃபயர் அலாரம் அடித்தது. ஒவ்வொரு வருஷமும் அடிக்கிறது.

23 மார்ச்

நியூ ஜெர்சித் தங்கச்சியின் கடிதம் மனசில் நிற்கிறது. கில்ட், ஞாயிறு பள்ளி, இப்போது ஈஸ்டர் பூ ஒழுங்கும் தன் தலையில் என்கிறாள். "வேண்டாம்னு சொல்ல வாய் வரலைக்கா."

நீ ஆறு மாதத்தில் வந்து நிற்கிற இடம் எல்லாச் சின்னச் சபையிலும் உண்டு. பத்துப் பேர் இருபது வருஷமாக எல்லாம் செய்கிறார்கள், வயதாகிவிட்டது, இளையவள் ஒருத்தி கிடைத்தால் மூச்சு விடுகிறார்கள். அவர்கள் மேல் கோபப்படாதே. ஆனால் அவர்கள் களைப்பை நீ வாங்கிக்கொள்ள வேண்டியதும் இல்லை. இங்கே "இந்த வருஷம் முடியாது" என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். நம்ம ஊரில் அப்படிச் சொன்னால் உன் அம்மா வரை செய்தி போகும், அந்தப் பயத்தில்தான் உனக்கு வாய் வரவில்லை. ஒப்புக்கொள்ளும்போதே முடிவு தேதியும் சேர்த்துச் சொல்: "ஜூன் வரை பள்ளி எடுக்கிறேன்." அதற்கு மேல் விளக்கம் கொடுக்காதே, விளக்கம் கொடுத்தால் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துத் தருவார்கள்.

ஞாயிறு பள்ளி எடுக்கிறவர்கள் பிள்ளைப் பாதுகாப்புப் பயிற்சியும் பின்னணிச் சோதனையும் முடித்திருக்க வேண்டும். அறையில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர். ஆள் இல்லை, இன்று மட்டும் தனியாகப் பார்த்துக்கொள் என்றால் அந்த வாரம் வகுப்பே வேண்டாம் என்று சொல். இந்த விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்க்காதே.

பூ ஒழுங்கை யாரிடம் தள்ளலாம் என்று கேட்கிறாய். உன் வீட்டுக்காரர் சும்மாதானே இருக்கிறார்?

22 ஏப்ரல்

ஈஸ்டர் முடிந்தது. பெரிய வியாழன் இரவு பீடத்தை வெறுமையாக்கி, சனி இரவு புது நெருப்பு மூட்டி, மறுபடி எல்லாம் விரித்து, லில்லி அடுக்கி, இடுப்பு போனது. அடுத்த ஞாயிறு பாதிக் கோயில் காலியாகத்தான் இருக்கும், பயப்படாதே.

வீட்டுக்காரர் லில்லி சுமந்தார் என்று படித்தேன். மே மாதம் அஷர் (வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்கிறவர்) வேலைக்கும் பெயர் கொடுத்திருக்கிறாராமே. சம்பளம் எவ்வளவு என்று கேட்டுச் சொல்.

பியூரிஃபிகேட்டரில் லிப்ஸ்டிக் கறை போகவில்லை, ஈஸ்டருக்கு எல்லாரும் பூசிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்கிறாய். முதலில் அலசி அந்தத் தண்ணீரைப் பிசினாவில் ஊற்று. பிறகு பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவத்தைக் கறைமேல் தேய்த்துக் கொஞ்ச நேரம் விட்டு, பச்சைத் தண்ணீரில் கசக்கு. வெந்நீரில் போட்டால் கறை உள்ளே பிடித்துக்கொள்ளும். பிளீச் வேண்டாம், லினன் நைந்துவிடும். ஒருமுறையில் போகாது, ரெண்டாவது தரமும் தேய்.